கட்டிங் வேஸ்ட் நூலில் பின்னிய துணி: ஒன்பது மாதம் உடுத்திப் பார்த்த பிறகு

என் மேசைமேல் ஒரு கரும்சாம்பல் டி-சர்ட் இருக்கிறது. போன ஆடியில் தைத்தது. இது சித்திரை. இதற்குள் நாற்பது முறைக்கு மேல் துவைத்துவிட்டேன். பாதி வாஷிங் மெஷினில், பாதி கல்லில் அடித்து. இந்தத் துணி சாயத் தொட்டிக்குள் போகவே இல்லை. திருப்பூர் பனியன் கம்பெனிகளின் கட்டிங் மேசைகளில் விழுந்த துண்டுகளை நிறவாரியாகப் பிரித்து, கிழித்துப் பஞ்சாக்கி, அந்தப் பஞ்சை மறுபடி நூலாக்கி நிட்டிங் போட்டது. அந்தத் துண்டுகளில் ஏற்கெனவே இருந்த நிறம்தான் இதன் நிறம்.

பதினொரு வருடமாகத் திருப்பூரில் டிசைனராக வேலை செய்கிறேன். இந்தத் துணியைப் பற்றி மில்காரர்கள் பேசிக் கேட்டிருக்கிறேன், மெர்ச்சண்டைசர்கள் பேசிக் கேட்டிருக்கிறேன். டிசைனர்கள் பேசி அதிகம் கேட்டதில்லை. "பையர் கேட்டால் போடலாம்" என்று நகர்ந்துவிடுகிறோம். அதனால் டிசைனர்களுக்காகவே இதை எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம். கடையில் 'மறுசுழற்சிப் பருத்தி' என்ற சீட்டைப் பார்த்தால் என்ன எதிர்பார்க்கலாம் என்பதாவது தெரியும்.

முதலில் துணி எப்படி உருவாகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் இதைக் குறை சொல்லவும் முடியாது, பாராட்டவும் முடியாது. கட்டிங் வேஸ்ட் சாக்கு சாக்காகக் குடோனுக்குப் போகிறது. அங்கே பெரும்பாலும் பெண்கள் தரையில் உட்கார்ந்து வெள்ளை தனி, கறுப்பு தனி, நீலம் தனி என்று கையால் பிரிக்கிறார்கள். லைக்ரா என்ற ரப்பர்போல நீளும் நார் கலந்ததை இழுத்துப் பார்த்தே ஒதுக்குகிறார்கள். பிறகு பற்கள் வைத்த உருளைகள் துணியை நாராகக் கிழிக்கின்றன. கிழிக்கும்போது நார் குட்டையாகிறது. குட்டை நாரை வழக்கமான ரிங் ஸ்பின்னிங் முறையில் ஓட்டினால் நூல் நிற்காது. அதனால் ஓப்பன் எண்ட் முறையில், நம் ஊரில் ஓஇ மில் என்று சொல்கிற மில்களில் நூற்கிறார்கள். அப்படியும் பிடிமானத்துக்குக் கொஞ்சம் நீளமான நார் வேண்டும். அதற்காகப் புதுப் பஞ்சையோ பாலியஸ்டரையோ சேர்க்கிறார்கள். இத்தாலியில் பிராத்தோ என்ற ஊரில் பழைய கம்பளித் துணியை இதேபோல நிறம் பிரித்துக் கிழித்து நூற்கும் தொழில் 19ஆம் நூற்றாண்டிலிருந்து நடக்கிறது. ஆகவே இது புதுக் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை.

நான் இரண்டு துணி வாங்கினேன். ஒன்றில் 60 சதவீதம் மறுசுழற்சிப் பருத்தியும் 40 சதவீதம் பெட் (PET) பிளாஸ்டிக் பாட்டிலிலிருந்து எடுத்த பாலியஸ்டரும். மற்றொன்றில் 70 சதவீதம் மறுசுழற்சிப் பருத்தியும் 30 சதவீதம் புதுப் பஞ்சும். இரண்டும் 20ஆம் நம்பர் நூல் (எண் குறைந்தால் நூல் தடிமன்), சிங்கிள் ஜெர்சி என்ற சாதாரண டி-சர்ட் பின்னல், 190 ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் துணி 190 கிராம். பாலியஸ்டர் கலந்தது சுலபமாகக் கிடைக்கிறது. முழுப் பருத்தி வேண்டும் என்றால் சொல்லி வைத்துக் காத்திருக்க வேண்டும். எனக்கு மூன்று வாரம் ஆனது.

தொட்டுப் பார்த்தால் இரண்டும், குட்டை நாரைச் சீவி நீக்கி நூற்ற கோம்ப்டு துணிபோல வழுவழுப்பாக இல்லை. உலர்ந்த, கொஞ்சம் சொரசொரப்பான பிடி. ஓஇ நூலின் இயல்பே அதுதான். அம்மா விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, "பழைய காடாத் துணி மாதிரி இருக்குது கண்ணு" என்றாள். சரியாகத்தான் சொன்னாள். பத்துத் துவைப்புக்கு மேல் அந்தச் சொரசொரப்பு குறைந்து, உடம்புக்கு இதமான கனம் மட்டும் நிற்கிறது. ஆனால் கைக்குழந்தை உடுப்புக்கு இதைப் போட மாட்டேன். காற்றுப் போல மெல்லிய துணி வேண்டும் என்றாலும் இது ஆகாது. குட்டை நாரில் நூலை அவ்வளவு மெலிதாக நூற்க முடியாது. நூலை மெலிதாக்கச் சொல்லி மில்லோடு மல்லுக்கட்டுவதைவிட, கனம் அழகாக விழுகிற உடுப்பை நாம் வரைவது நல்லது. தளர்வான டி-சர்ட், அரைக்கை ஓவர்ஷர்ட், டிராயர், கடைக்குக் கொண்டு போகும் பை. இவற்றில் இந்தத் துணி தானாகவே அழகாக நிற்கிறது.

அடுத்தது நிறம். இதைப் பற்றி நிறைய சொல்ல வேண்டியிருக்கிறது.

நாம் பழகிய முறை என்ன? நிற அட்டையிலிருந்து ஒரு பேன்டோன் எண் கொடுப்போம், லேப் டிப் என்ற சாய மாதிரித் துண்டு வரும், விளக்குப் பெட்டியில் வைத்துப் பார்ப்போம், "இன்னும் ஒரு சொட்டுச் சிவப்பு" என்போம், மறுபடி வரும். கட்டிங் வேஸ்ட் நூலில் இது நடக்காது. போன சீசனில் ஐரோப்பா என்ன நிறம் கேட்டதோ, அது இந்த சீசனில் எனக்கு நூலாக வருகிறது. கறுப்பும் கடல்நீலமும் சாம்பலும் எப்போதும் உண்டு. மாம்பழ மஞ்சள் வேண்டும் என்றால் யாராவது போன வருடம் மாம்பழ மஞ்சள் வெட்டியிருக்க வேண்டும். நான் மில்லில் போய் அவர்களிடம் இருந்த பதினான்கு நிற நூல் கோன்களையும் வரிசையாக வைத்துப் பார்த்து, அதிலிருந்து ஆறைத் தேர்ந்தெடுத்து, அப்புறம்தான் கலெக்ஷனை வரைய உட்கார்ந்தேன். இதுவரை நான் வேலை செய்த வரிசைக்கு இது நேர் எதிர். முதல் இரண்டு நாள் கை கட்டிப் போட்டதுபோல இருந்தது. மூன்றாம் நாள் அந்த ஆறு நிறங்களும் ஒன்றோடொன்று பேச ஆரம்பித்தன. கரும்சாம்பலுக்குள் கூர்ந்து பார்த்தால் சிறு சிறு நீலப் பொட்டும் மெரூன் பொட்டும் இருக்கின்றன. முழுதாகக் கிழிபடாத நூல் துணுக்குகள் அவை. எத்தனை சாயம் போட்டாலும் அந்த ஆழம் வராது.

ஆனால் அந்தப் பொட்டுகளைச் செக்கிங் மேசை குறையாகத்தான் பார்க்கும். என் முதல் நூறு பீஸில் முப்பதைச் செக்கிங் அக்காமார் ஒதுக்கி வைத்துவிட்டார்கள். தவறு அவர்கள்மேல் இல்லை. எது இயல்பு, எது குறை என்று தயாரிப்புக் குறிப்புத் தாளான ஸ்பெக் ஷீட்டில் நான் எழுதவில்லை. இப்போது துணியில் ஒரு சாண் அளவு வெட்டி ஸ்பெக் ஷீட்டிலேயே ஒட்டி, 'இந்த அளவு பொட்டு சரி, ஓட்டையும் தடித்த நூலும் சரியல்ல' என்று தமிழில் எழுதிக் கொடுக்கிறேன். ஒரு லாட்டுக்கும் (ஒரே தடவையில் நூற்ற நூல்) அடுத்த லாட்டுக்கும் நிற வித்தியாசமும் கட்டாயம் இருக்கும். நான் ஒரு நிறத்துக்கு ஒரே துண்டை ஒப்புதல் கொடுக்காமல், இந்த வெளிறலிலிருந்து இந்த அடர்த்தி வரை என்று இரண்டு துண்டு வைத்துக் கொடுக்கிறேன். இரண்டாவது லாட் கொஞ்சம் பச்சை கலந்து வந்தபோது உடம்புக்கு ஒரு லாட், கைக்கு ஒரு லாட் என்று வெட்டினோம். வாடிக்கையாளர்கள் அதைத்தான் முதலில் வாங்கினார்கள்.

நிறத்தைப் பற்றி நான் இவ்வளவு பிடிவாதமாகப் பேச ஒரு காரணம் உண்டு. என் அம்மாயி (அம்மாவின் அம்மா) ஊர் சென்னிமலைப் பக்கம், நொய்யல் ஓரம். வெள்ளியங்கிரி மலையில் கிளம்பிக் காவிரியில் சேர்கிற ஆறு அது. பாசனத்துக்கு என்று 1992இல் ஒரத்துப்பாளையத்தில் அணை கட்டினார்கள். கொஞ்ச வருடத்திலேயே அந்த அணை சாயக்கழிவு நீர் தேங்கும் குளமாகிவிட்டது. பருத்திக்கு ரியாக்டிவ் சாயம் ஏற உப்பு வேண்டும். அடர்த்தியான நிறத்துக்கு லிட்டருக்கு 60 முதல் 80 கிராம் வரை போடுவது வழக்கம். துணியில் அந்த உப்பு தங்குவதில்லை, முழுதும் தண்ணீரோடு வெளியே வந்துவிடும். அம்மாயி வீட்டுக் கிணற்று நீரை வாயில் வைக்க முடியாமல் போனதும், தென்னை மட்டைகள் நுனியிலிருந்து காய்ந்ததும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவு நீர் ஒரு சொட்டும் வெளியேறாத ஏற்பாடு இருந்தால்தான் திறக்கலாம் என்றது. இன்று சவ்வு வழியாக நீரை வடித்து, மிச்சத்தைக் கொதிக்க வைத்து, உப்பையும் திரும்ப எடுக்கிறார்கள். இந்த அளவுக்குச் செய்கிற ஊர்கள் உலகத்தில் குறைவு, அதில் எனக்குப் பெருமைதான். ஆனாலும் கொதிக்க வைக்க விறகும் கரியும் எரிகின்றன. கடைசியில் சேறு மிஞ்சுகிறது. நான் மேசையில் உட்கார்ந்து ஒரு அடர்நீலத்தைத் தேர்ந்தெடுக்கும்போது இத்தனையும் சேர்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறேன். ஏற்கெனவே சாயம் ஏறிய நீலம் ஒன்று குடோனில் சாக்கில் கிடக்கிறதே என்று இப்போதெல்லாம் நினைப்பு வருகிறது.

சரி, துணிக்கு வருகிறேன். எங்கள் கட்டிங் மாஸ்டர் முப்பது வருட அனுபவசாலி. ரோலைத் தொட்டதுமே, "நூலு கனமா இருக்குதுங்க அம்மிணி. லே உசரமாப் போட்டீங்கன்னா கீழ ஒரு அளவு, மேல ஒரு அளவு வந்துருமுங்க" என்றார். லே என்பது வெட்டுவதற்காக ஒன்றன்மேல் ஒன்றாக விரிக்கும் துணி அடுக்கு. அவர் பேச்சைக் கேட்டு வழக்கத்தில் பாதி உயரத்துக்கு லே போட்டோம். கட்டிங் கூலி ஏறியது. வெட்டுவதற்கு முன் துணியைப் பிரித்து ஒரு நாள் முழுக்க ஆற விட்டதும் அவர் சொல்லித்தான். அப்படியும் முதல் துவைப்பில் நீளத்தில் 5 சதவீதம் சுருங்கியது. அதைக் கணக்கில் வைத்துப் பேட்டர்னைக் கூட்டினால் பிரச்சினை இல்லை. பக்கத் தையல் திரும்பிக்கொள்ளும் என்று பயந்தேன், அது பெரிதாக நடக்கவில்லை.

வேஸ்ட்டில் பிறந்த துணியையே மறுபடி வேஸ்ட் ஆக்குவது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை. கை பொருந்துகிற வளைந்த ஆர்ம்ஹோலை நேராக்கி, தோளை இறக்கி, கையைச் செவ்வகமாக வெட்டிப் பார்த்தேன். பழைய பேட்டர்னில் 16 சதவீதம் துண்டு விழுந்தது, இதில் 9. வெட்ட வேண்டிய துண்டுகளை அடுக்கி வரைந்த மார்க்கர் தாளை மாஸ்டர் பார்த்துவிட்டு, "வேட்டி மாதிரி வெட்டறீங்க" என்றார். சேலையும் வேட்டியும் ஒரு துண்டுகூட வீணாகாத உடுப்புகள் அல்லவா. தறியின் அகலமே உடுப்பின் அளவு. நிட்டிங் துணிக்கு அந்த அளவு சுத்தம் வராது. ஆனால் பேட்டர்ன் போடும்போது அந்த நினைப்பு இருந்தால் பென்சில் வேறு மாதிரி போகிறது.

என்னைத் தோற்கடித்தது கழுத்துதான். கழுத்தில் வைக்கும் நீளும் பட்டையான ரிப்பில் 5 சதவீதம் லைக்ரா போடுவது எல்லோருக்கும் பழக்கம். போட்டால் வடிவம் நிற்கும். ஆனால் அந்த உடுப்பு என்றாவது திரும்பக் கிழிபட வரும்போது லைக்ரா உருளைகளில் இழுபட்டுச் சுற்றிக்கொள்ளும். நான் லைக்ரா இல்லாத ரிப் போட்டேன். இருபது துவைப்பில் கழுத்து வாய் திறந்துவிட்டது. அடுத்த முறை உடம்புத் துணியையே இரட்டையாக மடித்துக் குறுகலான பட்டையாக வைத்துத் தைத்தோம். அது நிற்கிறது, தலை நுழைக்கக் கொஞ்சம் இறுக்கம். அதற்காக முன்பக்கம் இரண்டு பட்டன் வைத்துத் திறப்பு கொடுத்தேன். தேங்காய் ஓட்டுப் பட்டன்.

தையல் நூலிலும் முழு வெற்றி இல்லை. பருத்தி நூலில் தைக்க வேண்டும் என்று ஆசை. துணி ஓரத்தைச் சேர்த்துத் தைக்கும் ஓவர்லாக் மெஷின் ஓடுகிற வேகத்துக்கு அது அறுந்து அறுந்து விழுந்தது. டெய்லர்கள் பீஸ் ரேட்டுக்குத் தைப்பவர்கள், என் ஆசைக்காக அவர்கள் கூலியை இழக்கக் கூடாது. ஓவர்லாக்குக்குப் பாலியஸ்டர் நூலே போகட்டும் என்று விட்டுவிட்டேன். மேல் தையலுக்கு மட்டும் பருத்தி நூல். பிளாஸ்டிசால் என்ற பிளாஸ்டிக் மையில் பிரிண்ட் போடவில்லை, சின்ன எம்பிராய்டரி மட்டும். வாடிக்கையாளர் பெரிய பிரிண்ட் கேட்டால் தண்ணீர் அடிப்படையிலான மை போடலாம். அடர்நிறத் துணிமேல் அது மங்கலாகத்தான் தெரியும், அதையும் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும்.

ஒன்பது மாதத் துவைப்பில் இரண்டு துணிக்கும் வித்தியாசம் தெளிவாகத் தெரிகிறது. பாலியஸ்டர் கலந்ததில் அக்குளிலும் பை உரசுகிற இடுப்பிலும் பந்து பந்தாகப் பிசிறு. பருத்திப் பிசிறு தானாக உதிர்ந்துவிடும். பாலியஸ்டர் நார் பலமானது, அந்தப் பந்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. துவைக்கும்போது அதிலிருந்து பிளாஸ்டிக் துகளும் தண்ணீரில் போகிறது. முழுப் பருத்தியில் ஆரம்பத்தில் பஞ்சுத் தூசி அதிகம். முதல் மூன்று துவைப்புக்கு வெள்ளைத் துணியோடு போடாதீர்கள். அப்புறம் அடங்கிவிட்டது. நிறம் லேசாக வெளுத்து இப்போது இன்னும் நன்றாக இருக்கிறது. பலம் மட்டும் புதுப் பஞ்சுத் துணி அளவுக்கு இல்லை. ஆணி மாட்டினால் ஓட்டை விழும். ஒன்றில் விழுந்தது, அதை இழை ஓட்டிச் சரிசெய்து இன்னமும் போடுகிறேன். முழுப் பருத்திக்கு ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். பாலியஸ்டர் கலந்ததற்கு இரண்டரை. பிந்தையதுதான் பலமானது, விலையும் குறைவு, ஸ்கூல் பைக்கும் ஏப்ரனுக்கும் எடுக்கலாம். ஆனால் இரண்டு நாரையும் பிரிப்பது அவ்வளவு சிரமம் என்பதால், அந்த உடுப்பு இன்னொரு முறை நல்ல நூலாகும் என்று சொல்ல முடியாது. பாட்டில்கூடப் பாட்டிலாகவே இருந்திருந்தால் மறுபடி பாட்டிலாகியிருக்கும்.

ஏமாற்று வேலையும் உண்டு. இதற்கு முன் ஒரு மில்லில் '80 சதவீதம் மறுசுழற்சிப் பருத்தி' என்று சாம்பிள் வாங்கினேன். வீட்டுக்கு வந்து நூலை இழுத்துத் தீக்குச்சியில் காட்டினேன். பருத்தி காகிதம் எரிவதுபோல எரிந்து விரலில் பொடியாகும் சாம்பல் விட வேண்டும். என் கையில் கறுப்பாக, கெட்டியாக ஒரு உருண்டை மிஞ்சியது. பாலியஸ்டர் இல்லாமல் அது வராது. அதுவும் கொஞ்சநஞ்சமாக இல்லை. ஆய்வகத்துக்கு அனுப்பியதில் பாதிக்கு மேல் பாலியஸ்டர் என்று வந்தது. அதிலிருந்து மறுசுழற்சிப் பொருளுக்கான ஜிஆர்எஸ் சான்றிதழ் கேட்காமல் வாங்குவதில்லை. அந்த முத்திரையிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 20 சதவீதம் மறுசுழற்சிப் பொருள் இருந்தாலே மில்லுக்குச் சான்று கிடைக்கும். உடுப்பின் சீட்டில் அந்த முத்திரையைப் போட 50 சதவீதம் வேண்டும். மில் சுவரில் மாட்டியிருக்கிற சான்றைப் பார்த்துத் திருப்தியாகிவிடக் கூடாது. நீங்கள் வாங்கும் அந்த லாட்டுக்கான டிசி (பரிவர்த்தனைச் சான்று) தாளைத் தனியாகக் கேளுங்கள். டிசைனர் எதற்கு அதையெல்லாம் கேட்க வேண்டும், பர்ச்சேஸ் பார்த்துக்கொள்ளாதா என்று எங்கள் ஆபீசிலேயே கேட்டார்கள். சீட்டில் 'மறுசுழற்சி' என்ற சொல்லை எழுதுவது நான். அதனால் கேட்கிறேன்.

விலையைப் பொறுத்தவரை, நான் வாங்கிய வாரத்தில் கோம்ப்டு நூலைவிட முழுப் பருத்தி மறுசுழற்சி நூல் கிலோவுக்கு எண்பது ரூபாய் குறைவு. சாயக்கூலி முழுதும் மிச்சம். ஆனால் துணி கனம் என்பதால் ஒரு பீஸுக்கு அதிகத் துணி போகிறது, லே கட்டை, செக்கிங் நேரம் அதிகம். எல்லாம் கூட்டிக் கழித்தால் ஒரு டி-சர்ட் வழக்கமான அடக்கத்தைவிட ஏழு ரூபாய் குறைவாக வந்தது. பெரிய லாபம் இல்லை. 'நல்லது செய்தால் செலவு கூடும்' என்ற பேச்சுக்குப் பதில் சொல்ல அது போதும்.

ஏற்றுமதிக்கு வேலை செய்பவர்களுக்கு இன்னொன்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய பொருள் வடிவமைப்புச் சட்டம் 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்திருக்கிறது. விற்காத உடுப்பைப் பெரிய கம்பெனிகள் அழிப்பதற்கு 2026 ஜூலையிலிருந்து தடை. உடுப்பில் என்ன இருக்கிறது, திரும்ப நூலாகுமா என்பதைப் பொருளோடு சேர்த்தே சொல்லும் டிஜிட்டல் பாஸ்போர்ட்டும் அந்தச் சட்டத்தில் உண்டு. அந்தக் கேள்விகளுக்கான பதில், உடுப்பின் முழு விவரமும் எழுதும் டெக் பேக்கில்தான் எழுதப்படுகிறது, அதை எழுதுவது நாம்தான். இன்றே அதில் லைக்ரா என்று எழுதிய வரியைப் பார்த்து, இது இல்லாமல் முடியுமா என்று ஒரு முறை யோசித்துப் பழகுங்கள். பாதி இடத்தில் முடியும்.

முயற்சி செய்ய நினைப்பவர்களுக்கு: முதலில் பெரிய ஆர்டரில் இறங்காதீர்கள். ஐந்து கிலோ கோன் வாங்கி, தெரிந்த நிட்டிங் யூனிட்டில் ஒரு சின்ன ரோல் போட்டு, ஐந்து பேருக்குத் தைத்துக் கொடுங்கள். மூன்று மாதம் அவர்கள் போடட்டும். கலெக்ஷனுக்குத் தேவையான நூல் முழுவதையும் ஒரே லாட்டில் எடுங்கள். பிறகு வாங்கலாம் என்று விட்டால் அந்த நிறம் இருக்காது.

போன வாரம் எங்கள் கட்டிங் வேஸ்ட் போகிற குடோனுக்கு நானும் போயிருந்தேன். பிரித்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர் எங்கள் கரும்சாம்பல் துண்டை எடுத்து இரண்டு பக்கமும் இழுத்தார். நீளவில்லை. வெளிச்சத்தில் காட்டி, "இது ஏற்கெனவே வேஸ்ட்டுல வந்த துணிங்க, நாரு குட்டை. இன்னொருக்கா போகும், ஆனா புதுப் பஞ்சு கொஞ்சம் கூட வேணும்" என்று சொல்லிவிட்டு, லைக்ரா சாக்கில் போடாமல் கறுப்புப் பருத்திச் சாக்கில் போட்டார். அந்தச் சாக்குக்குக் கிலோவுக்கு இரண்டு ரூபாய் அதிகம். அடுத்த கலெக்ஷனுக்கு அவரிடமே இப்போது எந்த நிறம் நிறைய வருகிறது என்று கேட்டேன். கரும்பச்சை என்றார். ஓவர்ஷர்ட் வரைய ஆரம்பித்திருக்கிறேன்.